ஆஸ்டெக்குகள் யார்? மெக்சிகோ – ஸ்பெயின் மன்னிப்புச் சண்டையின் பின்னணி

2019 மார்ச்சில் மெக்சிகோவின் அன்றைய அதிபர் லோபஸ் ஓப்ரடோர், ஸ்பெயின் மன்னர் ஆறாம் ஃபெலிப்பேவுக்கும் போப் பிரான்சிஸுக்கும் கடிதம் எழுதினார். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு மெக்சிகோவைப் பிடித்தபோது பூர்வகுடிகளுக்குச் செய்த கொடுமைகளுக்கு மன்னிப்புக் கேளுங்கள் என்பது கோரிக்கை. ஸ்பெயின் அரசு முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டது. 2024 அக்டோபர் 1 அன்று கிளாடியா ஷெயின்பாம் அதிபராகப் பதவியேற்றபோது மன்னருக்கு அழைப்பு போகவில்லை. பதிலுக்கு ஸ்பெயின் அரசும் அந்த விழாவைப் புறக்கணித்தது. 2025 அக்டோபர் கடைசியில் ஸ்பெயினின் வெளியுறவு அமைச்சர், பூர்வகுடிகளுக்கு வலியும் அநீதியும் நேர்ந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டார். அது மன்னிப்பா, வெறும் வருத்தமா என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை.

இந்தச் செய்தி வரும்போதெல்லாம் இரண்டு குரல்கள் எழும். "ஒரு மாபெரும் நாகரிகத்தையே அழித்துவிட்டார்கள்" என்பது ஒன்று. "நரபலி கொடுத்தவர்களுக்கு எதற்கு மன்னிப்பு?" என்பது மற்றொன்று. இரண்டு தரப்புமே ஆஸ்டெக் என்பதை ஒரே நாடு, ஒரே மக்கள், ஒரே அரசன், 1521இல் ஒரேயடியாக முடிந்துபோன கதை என்று எடுத்துக்கொள்கின்றன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

பெயரிலேயே சிக்கல்

ஆஸ்டெக் என்று நாம் சொல்பவர்களில் யாரும் தங்களை அப்படி அழைத்துக்கொண்டதில்லை. வடக்கே எங்கோ இருந்ததாகச் சொல்லப்படும் ஆஸ்ட்லான் என்ற ஊரிலிருந்து முன்னோர் நடந்து வந்தார்கள் என்பது அவர்களின் பழங்கதை. அந்த ஊர்ப் பெயரிலிருந்து வந்த சொல் இது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய, அமெரிக்க எழுத்தாளர்கள் பிரபலமாக்கிய பிறகே உலகம் முழுக்கப் பரவியது. உண்மையில் மூன்று அடுக்குகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. நாவா மக்கள்: நாவாட்டில் மொழி பேசியவர்கள் அனைவரும். மத்திய மெக்சிகோவில் டஜன் கணக்கான ஊர்களில் இருந்தவர்கள். மொழி ஒன்று, அரசு பல.

2. மெஷிகா: அந்த நாவா மக்களில் ஒரு பிரிவு. டெஷ்கோகோ ஏரியின் நடுவே ஒரு தீவில் டெனோச்டிட்லான் என்ற நகரைக் கட்டியவர்கள். மெக்சிகோ என்ற நாட்டுப் பெயர் இவர்கள் பெயரிலிருந்து வந்தது. இன்றைய மெக்சிகோ சிட்டி அதே இடத்தில்தான் நிற்கிறது.

3. முக்கூட்டணி: 1428இல் டெனோச்டிட்லான், டெஷ்கோகோ, ட்லாகோபான் ஆகிய மூன்று நகரங்கள் சேர்ந்து அமைத்த கூட்டணி. பாடப் புத்தகங்களில் வரும் ஆஸ்டெக் பேரரசு இதுதான்.

டெனோச்டிட்லான் தோன்றிய ஆண்டாக மரபு சொல்வது 1325. கள்ளிச் செடியின் மேல் கழுகு உட்கார்ந்திருக்கும் இடத்தில் குடியேறு என்று தெய்வம் சொன்னதாகக் கதை. மெக்சிகோ கொடியின் நடுவே இருப்பது அந்தக் கழுகுதான். ஆண்டு விஷயத்தில் மெக்சிகோ அரசே கொஞ்சம் தடுமாறியது. 2021இல் ஒருமுறை 700ஆம் ஆண்டு விழா எடுத்தார்கள், வரலாற்றாசிரியர்கள் முணுமுணுத்தார்கள், 2025இல் மறுபடியும் 700ஆம் ஆண்டு விழா எடுத்தார்கள்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முக்கூட்டணியை உருவாக்கிய மெஷிகா அரசர் இட்ஸ்கோவாட்ல், பழைய வரலாற்றுச் சுவடிகளை எரிக்கச் சொன்னார் என்று அவர்கள் வழிவந்தவர்களே பின்னாளில் பதிவு செய்திருக்கிறார்கள். ஆக, மெஷிகாக்களின் ஆரம்பக் கதையாக நமக்குக் கிடைப்பது வென்றவர்கள் ஒருமுறை திருத்தி எழுதிய பிரதி.

ஆல்டெபெட்ல்: இந்த ஒரு சொல் புரிந்தால் போதும்

நாவாட்டிலில் ஆட்ல் என்றால் நீர், டெபெட்ல் என்றால் மலை. இரண்டும் சேர்ந்த ஆல்டெபெட்ல் என்பதன் பொருள் ஊர், அரசு. தனக்கென ஒரு நிலப்பரப்பு, ஒரு கோயில், ஒரு சந்தை, ஓர் அரச வம்சம், ஒரு குலதெய்வம் எல்லாம் உள்ள ஊர்-அரசு. அரசருக்குப் பெயர் ட்லாடோவானி, நேர்ப்பொருள் "பேசுபவர்". ஊருக்குள் கல்பூலி என்ற பிரிவுகள் இருக்கும். நிலம் கல்பூலியின் பொறுப்பில். குடும்பங்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பார்கள். கோயில் வேலை, கரை கட்டும் வேலை, வரி எல்லாம் கல்பூலிக்குக் கல்பூலி முறை வைத்துச் சுற்றி வரும்.

ஒரு மனிதனின் பற்று முதலில் தன் ஆல்டெபெட்லுக்கு. "நான் நாவா" என்ற உணர்வில் யாரும் வாளெடுத்ததில்லை. பக்கத்து ஊர் ஒரே மொழி பேசினாலும் அது வேறு அரசுதான்.

சரி, இப்படிப்பட்ட ஊர்களை வைத்து எப்படிப் பேரரசு கட்டினார்கள்? ரோமானியர் போல் எல்லா இடத்துக்கும் ஆளுநர்களை அனுப்பவில்லை. தோற்ற ஊரின் அரசரைப் பெரும்பாலும் அதே நாற்காலியில் விட்டுவைத்தார்கள். சாமியையும் சட்டத்தையும் மாற்றவில்லை. பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். முக்கியமாகக் கேட்டது கப்பம்.

அந்தக் கப்பத்தின் அளவு நமக்குத் தெரிவது, ஸ்பானியர் வந்த பிறகு 1540களில் வரைந்த மெந்தோசா சுவடியால். 38 மாகாணங்கள் என்னென்ன கொடுத்தன என்று பக்கம் பக்கமாகப் படம் போட்டிருக்கிறார்கள். எண்ணிக்கை இருபதின் மடங்கில் போகும். ஒரு கொடி வரைந்தால் 20. தலைமயிர்க் கற்றை போன்ற குறி 400. ஒரு பை 8000. ஜாகுவார் தோல் ஒன்றை வரைந்து மேலே ஒரு கொடியைச் செருகியிருந்தால் இருபது தோல் என்று படிக்க வேண்டும். பசிபிக் கரையோரம், இன்றைய குவாத்தமாலா எல்லையை ஒட்டிய ஷோகோனோச்கோ மாகாணத்தின் கணக்கில் 200 சுமை கொக்கோ விதையும் 40 ஜாகுவார் தோலும் இருக்கின்றன. வண்டியும் கிடையாது, பொதி மாடும் குதிரையும் கிடையாது. அத்தனையும் மனித முதுகில் நெற்றிப்பட்டை கட்டித் தூக்கி வந்தவை.

இந்த ஏற்பாட்டின் விளைவுகள்:

1. விரிவது வேகமாக நடந்தது. ஒவ்வொரு ஊராகப் போய் நிர்வாகம் அமைக்க வேண்டாம். அரசரைப் பணியவைத்தால் ஊரே வந்துவிடும். நூறு ஆண்டுகூட ஆகவில்லை, இரு கடலையும் தொட்டுவிட்டார்கள்.

2. ஒட்டு பலவீனமாக இருந்தது. அரசர், படை, கோயில் எல்லாம் கையில் இருக்கிற ஊர், நேரம் பார்த்துக் கப்பத்தை நிறுத்திவிடலாம். பல ஊர்கள் நிறுத்தின, திரும்பத் திரும்ப அடி வாங்கின.

3. நடுவிலேயே பணியாத தீவுகள் இருந்தன. அவற்றில் பெரியது ட்லாஷ்காலா. அவர்களும் நாவாட்டில் பேசுபவர்கள்தான். சுற்றிலும் வழியை அடைத்து, உப்பும் பருத்தியும் கிடைக்காமல் செய்திருந்தது முக்கூட்டணி. உப்பில்லாத சோற்றை இரண்டு தலைமுறை தின்ற ஊரின் கோபம் எப்படி இருக்கும் என்பதை, ஸ்பானியர் வந்த 1519இல் மெஷிகாக்கள் தெரிந்துகொண்டார்கள்.

ஏரியின் மேல் ஒரு நகரம்

1519இல் டெனோச்டிட்லானின் மக்கள்தொகையை ஒன்றரை முதல் இரண்டு லட்சம் என்று பலர் கணிக்கிறார்கள். குறைத்துச் சொல்பவர்களும் உண்டு. பெரும்பாலான கணிப்புகளின்படி அன்றைய ஸ்பெயினின் எந்த நகரத்தையும்விடச் சிறியதல்ல. அகலமான தரைப்பாதைகள் தீவைக் கரையோடு இணைத்தன. நடுநடுவே எடுத்துவிடக்கூடிய மரப்பாலங்கள். சாபுல்டெபெக் குன்றின் ஊற்றிலிருந்து குடிநீர் கொண்டுவந்த வாய்க்காலில் இரண்டு தடங்கள் இருந்தன. ஒன்றைத் தூர்வாரும்போது மற்றொன்றில் தண்ணீர் ஓடும்.

ஏரியின் கிழக்குப் பகுதி உப்புத் தண்ணீர், மேற்கும் தெற்கும் நல்ல தண்ணீர். மழைக் காலத்தில் இரண்டும் கலந்தால் விவசாயம் போயிற்று. 1449இல் பெருவெள்ளம் வந்து நகரம் மூழ்கிய பிறகு, டெஷ்கோகோவின் அரசர் நெசவால்கோயோட்ல் வகுத்துக் கொடுத்த திட்டப்படி சுமார் 16 கிலோமீட்டர் நீளத்துக்கு ஏரியின் குறுக்கே கரை கட்டினார்கள். வெள்ளத்தைத் தடுத்ததோடு, உப்புத் தண்ணீரை அந்தப் பக்கமே நிறுத்தியது அது.

இனி சினாம்பா. "மிதக்கும் தோட்டம்" என்று சுற்றுலாக்காரர்கள் சொல்வது தவறு, அது மிதப்பதில்லை. ஆழமில்லாத நீரில் நீள் சதுரமாக இடம் குறித்து, சேறும் அழுகிய செடிகொடியும் அடுக்கடுக்காகப் போட்டு, நீர்மட்டத்துக்கு மேல் மேடாக்குவார்கள். ஓரம் சரியாமல் இருக்க ஒருவகை நெட்டை வில்லோ மரத்தை நடுவார்கள். வேர் கரையைப் பிடித்துக்கொள்ளும். நாற்று விடும் முறைதான் அழகு. நீண்ட கழியின் முனையில் பை கட்டி, வாய்க்காலின் அடியிலிருந்து சேற்றை அள்ளி, மேட்டின் ஓரத்தில் பாய் விரித்த மாதிரி பரப்புவார்கள். பிசைந்த மாவுப் பதத்துக்குக் காய்ந்ததும், பர்பி துண்டு போடுவது போலக் கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறுவார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் விரலால் ஒரு குழி, குழிக்குள் ஒரு விதை, மேலே கொஞ்சம் எரு. முளைத்ததும் மண்கட்டியோடு பெயர்த்துப் போய் நட்டுவிடலாம், வேர் அறியாது. ஒரு பயிர் அறுவடைக்கு நிற்கும்போதே அடுத்த பயிரின் நாற்று தயாராக இருக்கும். நிலம் ஓய்வதே இல்லை. மெக்சிகோ சிட்டியின் தெற்கே ஷோசிமில்கோவில் இன்றும் இதே முறையில் கீரையும் பூவும் போடுகிறார்கள். 1987இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

வீட்டுக்குள்

பேரரசைப் பற்றிய எழுத்துகளில் பிரமிடும் போரும் நிறைய வரும், அடுப்படி வராது. மெந்தோசா சுவடியின் மூன்றாம் பகுதி அந்தக் குறையைத் தீர்க்கிறது. பிள்ளை வளர்ப்பை வயது வாரியாகப் படம் போட்டிருக்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு வேளைக்கு அரை சோள ரொட்டி. நான்கு வயதில் ஒன்று. ஆறில் ஒன்றரை. பதின்மூன்றில் இரண்டு. பையன் தண்ணீர் தூக்குகிறான், விறகு சுமக்கிறான், வலை போடுகிறான். பெண் நூல் நூற்கிறாள், மாவு அரைக்கிறாள். சொன்ன பேச்சு கேட்காவிட்டால் எட்டு வயதில் கற்றாழை முள்ளைக் காட்டி மிரட்டல், ஒன்பதில் குத்தியே விடுவார்கள். பதினோரு வயதுப் படத்தில், எரியும் மிளகாயின் புகைக்கு நேரே பிள்ளையின் முகத்தைப் பிடித்திருக்கிறார் அப்பா. பையன் கண்ணிலிருந்து நீர்த் துளிகள் விழுவதைக்கூட ஓவியர் விடவில்லை.

சோளத்தை அப்படியே அரைப்பதில்லை. முதல் நாள் இரவே சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து ஊறவிடுவார்கள். காலையில் கழுவித் தோலை நீக்கி, அம்மி போன்ற மெடாடே கல்லில், இரு கையாலும் குழவியை உருட்டி அரைப்பார்கள். இப்படிப் பக்குவப்படுத்திய சோளத்துக்குப் பெயர் நிஷ்டமல். சுண்ணாம்பு, சோளத்துக்குள் பூட்டிக் கிடக்கும் நியாசின் என்ற பி3 வைட்டமினை உடம்பு எடுத்துக்கொள்ளும்படி விடுவிக்கிறது. ஐரோப்பியர்கள் சோளத்தை மட்டும் கப்பலில் ஏற்றிப் போனார்கள். சுண்ணாம்பு முறையைக் கொண்டு போகவில்லை. சோளமே கதியென்று இருந்த வட இத்தாலி ஏழைகள் தோல் வெடித்து, புத்தி பேதலித்து, பெலாக்ரா நோயில் செத்தார்கள். மெக்சிகோவில் காலம் காலமாகச் சோளம்தான் சாப்பாடு. அந்த நோய் அங்கே பெரும் தொல்லையாக இருந்ததில்லை.

சமூகம் சமமானதல்ல. பில்லிகள் எனப்படும் பிரபுக்கள் மேலே. மாசேவால்கள் எனப்படும் உழைக்கும் குடிகள் கீழே. பருத்தித் துணி பிரபுக்களுக்கு, கற்றாழை நார்த் துணி மற்றவர்களுக்கு என்று சட்டமே இருந்தது. கடன்பட்டு, சூதாடித் தோற்று அடிமையானவர்கள் உண்டு. ஆனால் அடிமையின் பிள்ளை அடிமையில்லை. போச்டெகா என்ற வணிகர்கள் தூர தேசம் போய் வருவார்கள், அரசருக்கு உளவும் சொல்வார்கள். பிரபுக்களின் பிள்ளைகளுக்கு ஒரு வகைப் பள்ளி, ஊர்ப் பிள்ளைகளுக்கு வேறு வகைப் பள்ளி. ஆனால் பள்ளிக்கூடம் எல்லோருக்கும் உண்டு, அதுவும் 1500 வாக்கில். கள் போன்ற புல்கேயை இளைஞர்கள் குடித்து மாட்டினால் கடும் தண்டனை. எழுபது வயது தாண்டினால் கேட்பார் இல்லை. மெந்தோசா சுவடியின் கடைசிப் படங்களில் ஒரு பாட்டி நிம்மதியாகக் குடித்துக்கொண்டிருக்கிறாள்.

சந்தையில் சில்லறைக் காசு கொக்கோ விதை. ட்லாஷ்காலாவில் 1545இல் நாவாட்டிலில் எழுதிய ஒரு விலைப்பட்டியல் இருக்கிறது: பெட்டை வான்கோழி 100 விதை, வான்கோழி முட்டை 3, பறித்த கையோடு வந்த வெண்ணெய்ப்பழம் 3, பெரிய தக்காளி 1. கள்ள நாணயமும் உண்டு. விதையின் உள்ளீட்டை எடுத்துவிட்டு மண்ணை அடைத்து ஒட்டிவிடுவார்கள்.

நரபலி: இருந்ததா, எவ்வளவு?

இருந்தது. மழுப்ப இடமில்லை. சிலர் இதை ஸ்பானியர் கட்டிய கதை என்கிறார்கள். தொல்லியல் அதற்கு இடம் தரவில்லை. 2015 முதல் மெக்சிகோ சிட்டியின் நடுவில், பெரிய கோயிலுக்குப் பக்கத்தில், மண்டையோடுகளைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்துக் கட்டிய வட்டக் கோபுரம் ஒன்றைத் தோண்டி எடுத்துவருகிறார்கள். 600க்கும் மேற்பட்ட மண்டையோடுகள் கிடைத்தன. ஆராய்ந்தவற்றில் நான்கில் மூன்று பங்கு இளம் ஆண்கள். மீதியில் பெண்களும் குழந்தைகளும் உண்டு.

எண்ணிக்கை வேறு விஷயம். 1487இல் பெரிய கோயிலை விரிவாக்கித் திறந்தபோது நான்கு நாளில் 80,400 பேரைப் பலியிட்டதாகப் பின்னாளைய நூல் ஒன்று சொல்கிறது. நான்கு நாளும் இரவு பகல் ஓயாமல் நடந்ததாக வைத்துக்கொண்டாலும், நான்கு விநாடிக்கு ஒருவர் என்று வருகிறது. நம்ப முடியாது. வென்றவருக்கு அந்த எண் பெரிதாக இருப்பது வசதி. மெஷிகா அரசருக்கும் அது பெரிதாக இருப்பது பெருமை. இரு பக்கமும் ஊதிப் பெருக்கிய எண் அது.

ஏன் செய்தார்கள் என்பதற்கு அவர்கள் தந்த பதில்: கடன். உலகம் இதற்கு முன் நான்கு முறை அழிந்தது, இப்போது நடப்பது ஐந்தாம் சூரியனின் காலம் என்று நம்பினார்கள். இந்தச் சூரியன் பிறப்பதற்கு, உடம்பெல்லாம் புண்ணாயிருந்த நனாவாட்சின் என்ற எளிய தெய்வம் நெருப்பில் குதித்தது. தெய்வங்கள் தங்களைக் கொடுத்ததால் நாம் இருக்கிறோம்; திருப்பிக் கொடுக்காவிட்டால் சூரியன் நின்றுவிடும். பலிக்கு அவர்கள் வைத்த பெயர்களில் ஒன்றுக்கே "கடன் தீர்த்தல்" என்றுதான் பொருள். பூசாரி முதல் அரசர் வரை எல்லோரும் கற்றாழை முள்ளால் காதையும் நாக்கையும் குத்தித் தங்கள் ரத்தத்தையும் கொடுத்தார்கள்.

நம்பிக்கை மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். புதிய அரசர் பட்டம் ஏற்றதும் படையெடுத்துக் கைதி பிடித்து வர வேண்டும். கைதி பிடித்த வீரனுக்குப் பதவி உயர்வு, விருது உடை. பணியாத ஊர்களின் தலைவர்களை அழைத்துவந்து பலியைப் பார்க்கவைத்த சம்பவங்களும் உண்டு. கப்பம் கட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான நோட்டீஸ் தேவையில்லை. பெரும்பாலான ஊர்களில் காவற்படை வைக்காத பேரரசு, பயத்தைக் காவலுக்கு வைத்தது.

1519 – 1521: உண்மையில் யார் வென்றார்கள்?

ஐந்நூறு சொச்சம் ஸ்பானியர்கள் லட்சக்கணக்கானவர்களைத் தோற்கடித்தார்கள் என்பது பள்ளிக்கூடக் கதை. ஸ்பானியப் படைத்தலைவர் எர்னான் கோர்டெஸ் கரையிறங்கியபோது சுமார் ஐந்நூறு வீரரும் 16 குதிரைகளும் இருந்தது உண்மை. கோர்டெஸைக் கெட்ஸால்கோவாட்ல் தெய்வம் என்று அன்றைய மெஷிகா அரசர் மொக்டெசுமா நம்பி ஏமாந்தார் என்பதும் இந்தக் கதையின் ஒரு துண்டு. கோர்டெஸ் மன்னருக்கு எழுதிய கடிதங்களில் அப்படி எதுவும் இல்லை. பல ஆண்டு கழித்து எழுதப்பட்டவற்றில்தான் தெய்வக் கதை உருவெடுக்கிறது. நடந்ததை இப்படி வரிசைப்படுத்தலாம்:

1. பேச ஆள் கிடைத்தது. கடற்கரையில் கோர்டெஸுக்குப் பரிசாகத் தரப்பட்ட அடிமைப் பெண்களில் ஒருவர் மலின்ட்சின். நாவாட்டிலும் மாயாவும் தெரிந்தவர். ஸ்பானியமும் சீக்கிரம் கற்றுக்கொண்டார். அவர் இல்லாமல் எந்தக் கூட்டணியும் பேசி முடிந்திருக்காது.

2. ட்லாஷ்காலா சேர்ந்தது. முதலில் ஸ்பானியரோடு சண்டை போட்டுப் பார்த்தார்கள். அப்புறம் இவர்களை வைத்து மெஷிகாவை அடிக்கலாம் என்று முடிவெடுத்தார்கள். தங்கள் கணக்கில் ஸ்பானியர்கள் துணைப்படை.

3. நகரத்துக்குள் விரிசல். 1519 நவம்பர் 8 அன்று கோர்டெஸ் விருந்தாளியாக நுழைந்தார். சில நாளில் மொக்டெசுமா கைதி. 1520 மே மாதம் டோஷ்கட்ல் திருவிழாவில் ஆடிக்கொண்டிருந்தவர்களை, கோர்டெஸின் தளபதி அல்வராதோவின் ஆட்கள் வெட்டிக் கொன்றார்கள். நகரம் பொங்கியது. ஜூன் 30 இரவு ஸ்பானியர்கள் அடிபட்டு, பாதிக்கு மேல் ஆட்களை இழந்து ஓடினார்கள். கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

4. பெரியம்மை. 1520இல் கரையிறங்கிய இன்னொரு ஸ்பானியக் கூட்டத்தோடு வந்த நோய், முன்பின் அதைக் கண்டிராத மக்களிடையே தீயாகப் பரவியது. மொக்டெசுமாவுக்குப் பின் பட்டமேறிய குயிட்லாவாக் சுமார் 80 நாளில் அதற்கே பலியானார்.

5. ஊர்கள் கைமாறின. கப்பம் கட்டிய ஊர்கள் ஒவ்வொன்றாக மறுபக்கம் போயின. டெஷ்கோகோவிலேயே ஒரு தரப்பு சேர்ந்துவிட்டது. ட்லாஷ்காலாவில் 13 சிறு போர்க்கப்பல்களுக்கு மரம் வெட்டிச் சுமந்து வந்து ஏரிக்கரையில் பூட்டினார்கள். குடிநீர் வாய்க்கால் உடைக்கப்பட்டது. 1521 ஆகஸ்ட் 13 அன்று கடைசி அரசர் குவாவ்டெமோக் பிடிபட்டபோது, முற்றுகையிட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஸ்பானியர்கள் அல்ல. பல்லாயிரம் பூர்வகுடி வீரர்கள்.

ஆல்டெபெட்ல்களை அடுக்கிக் கட்டிய கட்டடம், ஆல்டெபெட்ல்களாகவே பிரிந்து விழுந்தது. ஆனால் வென்ற ஊர்கள் நினைத்தது நடக்கவில்லை. ஒரு கப்பக்காரனை மாற்றி இன்னொருவனை வைத்ததாக நினைத்தார்கள். வந்தவன் கப்பத்தோடு நிற்கவில்லை.

அழிந்தது எது, நின்றது எது

அழிவில் பெரியது உயிரிழப்பு. 1545இலும் 1576இலும் கோகோலிஸ்ட்லி என்ற கொள்ளைநோய் வந்தது. முதல் அலையில் இறந்தவர்களின் பற்களில் ஒருவகை சால்மொனெல்லா கிருமியின் மரபணு இருப்பதை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. கட்டாய உழைப்பும் பஞ்சமும் நோயோடு சேர்ந்தன. ஒரே நூற்றாண்டில் மத்திய மெக்சிகோவின் பூர்வகுடிகளில் பத்தில் எட்டு, ஒன்பது பேர் இல்லாமல் போனார்கள் என்பது பரவலான மதிப்பீடு.

நின்றது ஊர். ஸ்பானியர்களுக்கும் கப்பம் வேண்டும். வசூலிக்கத் தயாரான அலகு ஆல்டெபெட்ல். அதையே நகராட்சி ஆக்கிவிட்டார்கள். பழைய பிரபுக்களே மன்ற உறுப்பினர்கள். ஸ்பானிய எழுத்தைக் கற்ற நாவாக்கள் உயில், நிலத் தகராறு, கோயில் கணக்கு எல்லாவற்றையும் நாவாட்டிலில் எழுதித் தள்ளினார்கள். 1570இல் இரண்டாம் பிலிப் மன்னர், புதிய ஸ்பெயின் என்று பெயரிட்ட மெக்சிகோ காலனியின் பூர்வகுடிகளுக்கு நாவாட்டிலையே பொது மொழியாக அறிவித்தார். பாதிரியார் சாகுன் பெயரில் அறியப்படும், 1577இல் முடிந்த பன்னிரண்டு புத்தகங்கள் கொண்ட ஃப்ளோரன்ஸ் சுவடியை உண்மையில் எழுதியவர்கள் அன்டோனியோ வலேரியானோ போன்ற நாவா அறிஞர்கள்தான். கொள்ளைநோய்க்கு நடுவே, பக்கத்தில் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கும்போது, தங்கள் வைத்தியம், பறவை, பேச்சு, போர் எல்லாவற்றையும் ஒரு பக்கம் நாவாட்டிலிலும் மறு பக்கம் ஸ்பானியத்திலும் பதிந்தார்கள்.

நாவாட்டிலுக்குப் பெரிய அடி, சுதந்திர மெக்சிகோவின் ஸ்பானியப் பள்ளிக்கூடங்களில் விழுந்தது. மெஷிகா கழுகைக் கொடியில் வைத்த அதே அரசு, மெஷிகா மொழியை வகுப்பறையில் விடவில்லை. இருந்தாலும் 2020 கணக்கெடுப்பில் சுமார் 16.5 லட்சம் பேர் நாவாட்டில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். 2003 சட்டம் அதையும் மற்ற பூர்வகுடி மொழிகளையும் ஸ்பானியத்துக்கு நிகரான தேசிய மொழிகள் என்கிறது. சட்டத்துக்கும் தாலுகா ஆபீஸுக்கும் உள்ள தூரம் அங்கேயும் உண்டு.

அந்த மொழியின் சில சொற்கள் நம் வாயிலும் இருக்கின்றன. சில்லி, டொமேட்டோ, அவகாடோ மூன்றும் நாவாட்டில் வேர் கொண்டவை. சப்போட்டா என்பது ட்ஸாபோட்ல் என்ற சொல் ஸ்பானியம் வழியே உருமாறி வந்தது. மிளகாய்க்கும் தக்காளிக்கும் நாம் கையில் இருந்த மிளகையும் மணத்தக்காளியையும் வைத்துப் பெயர் கண்டுகொண்டோம். சப்போட்டாவுக்கு அந்த வசதி இல்லை, வந்த பெயரோடு நின்றுவிட்டது.

ஏரி போய்விட்டது. ஸ்பானியர்கள் கரைகளைக் கவனிக்கவில்லை, வெள்ளம் வந்தது. 1629 வெள்ளம் ஐந்தாண்டு வடியவில்லை. ஏரியை வடித்துவிடுவதே வழி என்று முடிவெடுத்து, சில நூற்றாண்டுகளில் வடித்தும் விட்டார்கள். இன்று மெக்சிகோ சிட்டி அந்தக் களிமண் படுகையின் மேல் உட்கார்ந்து, அடியில் இருக்கும் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. சில இடங்களில் ஆண்டுக்கு அரை மீட்டர் வரை தரை இறங்குகிறது. 1910இல் கட்டிய சுதந்திர தேவதைத் தூண் அசையாமல் நிற்க, சுற்றியிருந்த தெரு கீழே போனதால், ஏறிப் போகப் பின்னால் 14 படிகள் சேர்க்க வேண்டியதாயிற்று. 1985 நிலநடுக்கத்தின் மையம் பல நூறு கிலோமீட்டர் தள்ளிப் பசிபிக் கரையில். ஆனால் ஏரிக் களிமண் அதிர்வைப் பெருக்கியதால் இடிந்தது தலைநகரம்.

மறுபடி மன்னிப்புக்கு

மெக்சிகோ அரசு தன்னை மெஷிகாவின் வாரிசாகக் காட்டிக்கொள்கிறது. வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கும் பச்சை இறகுக் கிரீடத்தை "மொக்டெசுமாவின் கிரீடம்" என்று கேட்பது அதனால்தான். அது அவருடையது என்பதற்குச் சான்று இல்லை. 2020இல் கேட்டபோது, பயண அதிர்வு தாங்காது என்று சொல்லி ஆஸ்திரியா மறுத்துவிட்டது. மொக்டெசுமாவின் வம்சமோ ஸ்பானியப் பிரபுக்களோடு கலந்துவிட்டது. அவர்களில் சிலருக்கு ஸ்பானிய முடியாட்சி தொடங்கிவைத்த ஓய்வூதியத்தை, மெக்சிகோ அரசே 1934 வரை கொடுத்துவந்தது.

மன்னிப்பு கேட்க வேண்டிய காரணங்கள் இல்லாமல் இல்லை. டோஷ்கட்ல் படுகொலை, கட்டாய உழைப்பு, சுவடி எரிப்பு எல்லாம் பதிவில் இருக்கின்றன. யாரிடம் என்பதில்தான் முடிச்சு. டெனோச்டிட்லானை வீழ்த்தியதை வெற்றியாகக் கொண்டாடிய ஊர்கள் மெக்சிகோவுக்குள்ளேயே இருக்கின்றன. 1535இல் ஸ்பானிய மன்னர் ட்லாஷ்காலாவுக்கு "விசுவாச நகரம்" என்ற பட்டமும் ஒரு கேடயச் சின்னமும் தந்தார். ட்லாஷ்காலா மாநிலத்தின் அதிகாரப்பூர்வச் சின்னம் இன்றும் அந்தக் கேடயம்தான். அதன் மேற்பகுதியில் மூன்று எழுத்துகள் பொறித்திருக்கும். அரசி ஹுவானாவுக்கு ஒன்று, மன்னர் கார்லோஸுக்கு ஒன்று, அன்று சிறுவனாக இருந்த இளவரசர் ஃபெலிப்பேவுக்கு ஒன்று.